சம்சு 7600 வைத்த அன்று

டக்... டக்... டக்... டக்.

நான்கு குமிழ்களைத் திருகும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூடவே, எத்தனை முறை துவைத்தாலும் யூனிஃபார்மை விட்டுப் போகாத விமான எரிபொருள் வாடையும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஷார்ஜாவில் சரக்கு விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் ரேடியோ மெக்கானிக். அங்கே ரோலா பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே ரூம். நான் புதுக்கோட்டைக்காரன். ரூம்மேட் சம்சுதீனுக்கு அதிராம்பட்டினம், இன்ஜின் பக்கம் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே ஹேங்கர், ஒரே கம்பெனி வேன், ஒரே குழம்புச் சட்டி.

எங்கள் தொழிலில் யாரும் முழு வார்த்தை பேசமாட்டார்கள். கெட்டுப்போன சாமான் என்றால் 'யு.எஸ்.' பழுதாகித் தரையிலேயே நிற்கும் விமானம் 'ஏ.ஓ.ஜி.' அதைக் கேட்டால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடவேண்டும். நாளடைவில் இந்த வியாதி ரூமுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி யு.எஸ்., சம்சு வைக்கும் மீன் குழம்பு பாதி நாள் யு.எஸ்., காய்ச்சலில் படுத்தவன் ஏ.ஓ.ஜி.!

விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு கருவி உண்டு. விமானி அதன் குமிழ்ப் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்றைத் திருகி வைத்தால், கீழே ரேடார் திரையில் அது தெரியும். மூன்று எண்கள் மட்டும் விசேஷம். 7500 என்றால் விமானத்தைக் கடத்திவிட்டார்கள். 7600 என்றால் ரேடியோ போய்விட்டது, பேச முடியாது. 7700 என்றால் ஆபத்து.

கழித்துப்போட்ட அந்தக் குமிழ்ப் பலகை ஒன்றை, ஹேங்கர் சீஃபிடம் கேட்டு ரூமுக்குக் கொண்டுவந்தேன். சட்டம் போட்டவனும் நான்தான். லீவு நாளில் சூப்பர்வைசர் வந்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போனால் 7500. உடனே உதவி வேண்டுமென்றால் 7700. ஒருவன் 7600 திருகித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டால், அவனாக எண்ணை மாற்றும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

சிரிக்காதீர்கள். ஒரே ரூமில் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனபோது நான் இரண்டு நாள் 7600 வைத்திருந்தேன். சம்சு ஒன்றும் கேட்கவில்லை... வேளாவேளைக்கு டீயை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

சம்சுவின் மனைவி ஜெமீலாவுக்குத் தலைப்பிரசவம். பக்கத்திலேயே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். லீவு கிடைத்து, பெட்டியும் கட்டியாகிவிட்டது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒரு விமானம் ஏ.ஓ.ஜி. இன்ஜினையே இறக்கவேண்டும். அவன் லீவு ஒரு வாரம் தள்ளிப்போனது. ஊரில் அவர்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அவளை வரவழைத்து விஷயத்தைச் சொன்னான். அவள் பட்டென்று ரிசீவரை வைத்துவிட்டாள்.

ரூமுக்கு வந்தான். டக் டக்கென்று 7600 திருகினான். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம், கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி இக்கா என்னைக் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்துக்கே அவர் கடை போன்தான் கதி. சம்சுவின் மனைவி பேசினாளாம். அதே பூத்தில்தான் இருக்கிறாளாம். பூத் மூடும்வரை காத்திருக்கிறேன், அவரை ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள் என்றாளாம்.

நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். சம்சு டூட்டி முடிந்து வந்து மறுபடியும் சுவரைப் பார்த்துக் கிடந்தான். தலைமாட்டில் 7600.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சேதியையும் அதே சீட்டில் எழுதி, பலகையில் செருகிவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டேன். பெரிய சட்ட மேதை! திரும்பிப் படுத்தால் பார்ப்பான் என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் எதற்கு என்றும் ஒரு நினைப்பு.

அவன் திரும்பவே இல்லை. காலையில் வேனுக்கு ஓடும்போதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் ஹேங்கருக்கே போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பூத்திலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் வலி கண்டிருக்கிறது. ஹேங்கரில் ஆளாளுக்கு சம்சுவைக் கட்டிப்பிடித்தார்கள். நானும்தான் கட்டிப்பிடித்தேன். சீட்டு இன்னும் ரூமில் அந்தப் பலகையிலேயே இருந்தது.

ரூமுக்கு வந்து எண்ணை மாற்றப் போன சம்சு சீட்டைப் பார்த்தான். எப்போது வந்தது என்று கேட்டான். சொன்னேன். வெட்கமில்லாமல் சட்டத்தையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மாப்ள... ரேடியோ போன ஃப்ளைட்டுக்கே டவர்லேர்ந்து லைட் அடிச்சுக் காட்டுவான். நீ என்னைய ஒரு தட்டு தட்டக் கூடாதா?"

அந்தப் பலகையை மறுநாளே கொண்டுபோய் ஸ்க்ராப்பில் எறிந்தேன்.

இப்போது புதுக்கோட்டையில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, ஷார்ஜாவில் இறங்கும் விமானத்தைக் கைபேசி வரைபடத்தில் பார்க்கிறேன். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்தே வீடியோ காலில் பிள்ளை முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். பூத்துகள் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ரூமில் நாலு பேர் இருந்தாலும் ஆளுக்கொரு போனோடு, யாரும் எதுவும் திருகாமலே 7600தான் என்று அங்கே இருக்கும் பையன்கள் சொல்கிறார்கள்.

போன மாதம் சம்சுவின் பேத்திக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்கு அதிராம்பட்டினம் போயிருந்தேன். கூட்டம் கலைந்தபின் எனக்கும் சம்சுவுக்கும் ஜெமீலா டீ கொண்டுவந்தாள். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை அன்றுதான் கேட்டேன். அன்றைக்குப் பூத்திலிருந்து என்னம்மா சொல்ல நினைத்தாய்?

பூத்துக்காரர் பாதி ஷட்டரை இறக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சண்ட போடக் கூப்புடலண்ணே. பயமா இருந்துச்சு... அதச் சொல்லத்தான்."

சம்சு டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"இத எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"நீங்க கேக்கலையே" என்றாள்.