படிக்கட்டுக்கு அடியில் அத்தை

மே மாதம் பிறந்துவிட்டால் ராக்னா குரலைத் தாழ்த்திவிடுவாள். மற்ற பத்து மாதமும் அவள் அடுப்படியில் பேசினால் படகுத்துறையில் கேட்கும்.

மேயும் ஜூனும் ஹால்மா தீவில் யாரும் சுத்தியலைத் தொட மாட்டார்கள். நாயை அவிழ்க்க மாட்டார்கள், கதவுக்குப் புது வண்ணம் அடிக்க மாட்டார்கள். ஈடர் வாத்துகள் கடலிலிருந்து ஏறிவந்து, அவர்கள் கட்டிவைத்த மரக்கூடுகளில் அடைகாக்கும் காலம் அது. தன் மார்புத் தூவியைத் தானே பிடுங்கி முட்டைக்கு மெத்தை போடும் பெட்டை, இருபத்தைந்து நாள் ஏறக்குறையப் பட்டினியாகக் கிடக்கும். ஆணோ, அடை உட்கார்ந்ததும் கடலுக்கு நழுவிவிடும்.

"எல்லா ஆம்பளையும் ஒரே ரகம்தான்" என்பாள் ராக்னா. ரகசியக் குரல்தான், ஆனால் புருஷன் ஓட்வார் காதில் சரியாக விழும்.

முப்பத்தெட்டு வசந்தமாக அவளுக்கு அந்த இரண்டு மாதமும் ஒரே உடுப்பு: சாம்பல் பாவாடை, நீலத் தலைத்துணி. ஆளின் தோற்றம் மாறினால் பறவை பறந்துவிடும். ஒரு மே மாதம் ஓட்வார் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றான்; ஏழு வாத்துகள் பறந்தன. தாடி வளரும்வரை அவனை அவள் முற்றத்தில் இறங்கவிடவில்லை. பின்னே என்ன, விருந்துக்கு வந்தவர்களை விரட்டுவானா ஒருத்தன்?

வீட்டு முன்படிக்கு அடியில் ஒரு கிழப் பெட்டை ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருந்தது. இடது காலில் ஒரு விரல் இல்லை. அதற்குப் பெயர் அத்தை. அத்தை உட்கார்ந்தால் முன்வாசலைப் பூட்டிவிட்டு எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் போவார்கள்.

அந்த வருஷம் தெற்கேயிருந்து புதுப் போதகர் வந்தார். பெயர் ஸ்டென்வால். வந்ததும் வராததுமாகக் கடைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: பெந்தெகொஸ்தே ஞாயிறன்று கோயில் மணி அடிக்கப்படும்.

ராக்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையிலேயே அவரை மறித்தாள்.

"ஐயா, அடைகாக்குற நாள்ல இங்க மணி அடிக்கிற வழக்கமில்ல."

"வாத்துக்காகக் கடவுள் வீடு ஊமையா இருக்கணுமாம்மா?"

"கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். வாத்துக்குத்தான் பயம்."

போதகர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. நேற்று வந்தவன், பாசியில் வழுக்காமல் நாலு எட்டு நடக்கத் தெரியாதவன், இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்!

சனிக்கிழமை மணிக்கூண்டில் ஏறினாள். ஓட்வாரின் கம்பளிக் காலுறையை மணியின் நாக்கில் மாட்டி, மீன்வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"மணி நாக்கைக் கட்டிட்ட, சரி. உன் நாக்கை யாரு கட்டுறது?" என்றான் ஓட்வார்.

"போய்யா!"

ஞாயிறன்று போதகர் கயிற்றை இழுத்தார். தொப், தொப் என்று மாவு மூட்டை விழுவதுபோல ஒரு சத்தம். ஊரே குனிந்து ஜெபப் புத்தகத்துக்குள் சிரித்தது. ராக்னா, வழியெல்லாம் சாம்பல் போர்வையால் மூடிக்கொண்டு வந்த சிவப்புப் பண்டிகை உடுப்பில், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கறுப்பு அங்கியோடு போதகர் முன்படி அருகே நிற்கிறார். முன்படி! அத்தையின் படி! சண்டைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? மே பிறந்ததிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. முன்கதவைப் படாரென்று திறந்தாள்.

"யாரைக் கேட்டு இங்க வந்தீங்க? கண்ணு இல்ல? அறிவு இல்ல? இது என்ன உங்க ஊர்ச் சந்தையா?"

காலடியில் படபடவென்று சத்தம். அத்தை முட்டைமேல் கழிந்துவிட்டுக் கடலைப் பார்த்துப் பறந்தது. அந்த நாற்றம் மற்ற திருடர்களை விரட்டும். கடற்காகத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? அவள் கீழே இறங்குவதற்குள் ஒன்று பாய்ந்து வந்து ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் கவனித்தாள். போதகர் வெறுங்காலோடு நின்றார். ஒரு கையில் அவருடைய பூட்ஸ். மறு கையில் ஓட்வாரின் காலுறை.

"அவிழ்க்கலாம்னு மேல ஏறினேன்மா" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "அங்கேருந்து பாத்தாத்தான் தெரிஞ்சுது, தீவு முழுக்க உக்காந்திருக்கு. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். நான் நின்னப்ப அது அசையவே இல்ல."

ராக்னா குனிந்து தூவியை இழுத்து மீதி நாலு முட்டைகளை மூடினாள். உள்ளே போய்ச் சாம்பல் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றும் மறுநாளும் உட்கார்ந்தாள். அத்தை வரவில்லை. யாரைத் திட்டுவது என்று தேடித் தேடிப் பார்த்தாள்; ஒருவரும் அகப்படவில்லை.

அடுத்த மே மாதம் போதகர் பின்வாசலில் வந்து மெல்லத் தட்டினார்.

"கோயில் படிக்கு அடியில ஒண்ணு உக்காந்திருக்கும்மா. இடது கால்ல ஒரு விரல் இல்ல."

ராக்னாவின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள்.

"முட்டை எத்தனை?" என்று கேட்டாள், ரகசியமாக.

"அஞ்சு."

அவள் தலையாட்டினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.