சாராள் டம்ளரில் சிவப்பு டேக்

பேக்கிங் பிரிவு சாராளுக்குக் கெட்ட நோய். அவள் டம்ளரில் குடித்தால் ஒட்டிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் சாம்பாரைவிடச் சூடாகப் பரிமாறப்பட்ட சேதி இது.

விசாரித்துப் பார்த்தால், நோயே இல்லை. மருத்துவ முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். உடலுறவால் தொற்றும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருப்பதாக வந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பெனியில் சந்தேகப்பட்ட சாமானுக்கெல்லாம் சிவப்பு டேக் கட்டுவது வழக்கம். சாராளின் டம்ளருக்கும் யாரோ கட்டிவிட்டார்கள். தரக் கட்டுப்பாடு அங்கே அவ்வளவு கறார்.

டேக்கை அவிழ்க்காமலேயே டீ குடித்தாள் சாராள். அவளைச் சுட்டது வேறு. பக்கத்துக் கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கும் அவள் புருஷன் எட்வர்ட், "யாராண்ட வாங்கினு வந்த?" என்று கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

சாராள் போன் போட்டாள். "யோவ், என்னாண்ட கேக்காத. ஆஸ்பத்திரி நர்ஸாண்ட வந்து கேளு."

வந்தான், யூனிஃபார்மோடு.

"அண்ணே, தோல்ல காவல் செல்லுங்க இருக்கு," என்றாள் நர்ஸ் கிரேஸ். "மரக்கிளையாட்டம் கைய நீட்டினு நிக்கும். கிருமி வந்தா புடிச்சு, நெறி கட்டுற எடத்துக்கு எடுத்துனு போய்க் காட்டும். அப்புறந்தான் படை கிளம்பும்."

"அப்ப இத்த ஏன் புடிக்கல?"

"இது மேல்தோல்லயே குந்திக்கும். ரத்தத்துக்குப் போவாது, செல்ல ஒடைக்காது, சத்தமே காட்டாது. காவலுக்கு உஷார் எப்படி வரும்? போதாததுக்கு, அங்க இருக்கிற காவலாளுங்களையே கொறச்சுடும்."

எட்வர்ட் தொப்பியைக் கழற்றினான். ஒருமுறை கம்பெனிச் சட்டை போட்டு வந்த திருடனுக்கு சல்யூட் அடித்து, காப்பர் கம்பிச் சுருளோடு வெளியே போகக் கேட்டைத் திறந்துவிட்டவன் அவன்.

"எப்ப வந்துது, சிஸ்டர்?"

"யாரால சொல்ல முடியும்? வருஷக்கணக்கா மறைஞ்சிருக்கும். உங்ககிட்டருந்துகூட வந்திருக்கலாம். ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது."

சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரை எட்வர்ட் திடீரென்று அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

"டம்ளர்ல பரவுமா?" என்றாள் சாராள்.

"பரவாதும்மா. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல காவல் முழிச்சிக்கும், ஒடம்பே தொரத்திடும். போவாம தங்கிட்டாதான் புத்துநோய் பயம். இப்ப பாத்ததுல உனக்கு ஒண்ணுமில்ல. சொன்னப்ப மறுபடி டெஸ்ட்டுக்கு மட்டும் வந்துடு."

வெளியே வந்ததும் சாராள் நின்றாள். "இன்னாயா கேட்டு காவலு, அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டியே. அதுக்கு இன்னா சொல்ற?"

"இறா வாங்கினு வரேன்மே."

இறால் வந்தது. மீஞ்சூர் போன பையும் வந்தது. உரித்தது என்னவோ சாராள்தான். மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி. கேட்டால், "சொல்றேன், இன்னா அவசரம்?" என்கிறான். சிவப்பு டேக் இப்போது வீட்டில், எட்வர்டின் டம்ளரில் தொங்குகிறது.