மூன்றாம் கேட்டுக்கு வராத வண்டி

என் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தில் ஒரு சாவி மட்டும் மற்றவற்றைப் போலப் பளபளப்பதில்லை. பித்தளைச் சாவி. பற்களின் இடுக்கில் பச்சையேறிக் கிடக்கிறது. ஓசூர் சிப்காட்டில் நான் காவல் பார்க்கும் தொழிற்சாலையின் மூன்றாம் கேட்டுக்கு உரியது அது. முதல் கேட்டில் ஆட்கள், இரண்டாம் கேட்டில் லாரிகள். மூன்றாம் கேட்டை யாரும் திறப்பதில்லை. ஏன் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், திறக்கக் கூடாது என்ற உத்தரவை மீறித் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது பகல் ஷிஃப்டுக்கு நான்தான் தலைவி. தினமும் காலையில் கொத்தைக் கையில் வாங்கும்போது விரல் தானாக அந்தச் சாவியைத் தேடிப் போகும். கூடவே, முதல் நாள் அதை என் கையில் கொடுத்த ஹவில்தாரின் முகமும் வந்துவிடும்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஊத்தங்கரைக்கு அப்பால் ஒரு மானாவாரி ஊரில் வாழ்க்கைப்பட்டேன். அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு ஓடிவந்தபோது, என் அண்ணன் சோறு கூடப் போடுவதற்கு முன், "நாளைக்கே கூட்டிக்கினு போயி உட்டுட்டு வரேன்" என்றார். மறுநாள் அவர் எழுவதற்குள் நான் கிருஷ்ணகிரி பஸ்ஸில் இருந்தேன். அங்கிருந்து ஓசூர். தொழிற்சாலைக்குள் போகும் பெண்களின் பைகளைச் சோதிக்க ஒரு பெண் காவலாளி வேண்டும் என்றார்கள், சேர்ந்துகொண்டேன். தங்க ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைத்தது. வேலை போனால் கட்டில் போகும். கட்டில் போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊர் என்றால் அந்த வீடு. ஓசூரின் குளிர்ந்த காற்றை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ அந்த முதல் வாரம் முழுக்க மூச்சு முட்டியது. சீருடைப் பேன்ட் வேறு. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பது போலக் கையை முன்னால் வைத்துக்கொண்டே நடந்தேன்.

காவலர் அறையில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குத் தலைவர், பட்டாளத்துப் பதவிப் பெயராலேயே எல்லோரும் ஹவில்தார் என்று கூப்பிட்டவர், காவேரிப்பட்டினத்துக்காரர். மீசைக்குச் சாயம் பூசுவார், தலைமுடியை நரைத்தபடியே விட்டுவிடுவார். லாரி டிரைவர்களிடம் கன்னடம், கேண்டீன்காரரிடம் தெலுங்கு, எங்களைத் திட்டும்போது இந்தி, கிண்டல் செய்யும்போது மட்டும் தமிழ். அவருக்குக் கிண்டல் செய்யாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. தொழிற்சாலை வளாகத்தில் ஒரு செவலை நாய் உண்டு. அதற்குக் 'கர்னல்' என்று பேர் வைத்திருந்தார். புதிதாகச் சேரும் பையனிடம், "கர்னல் சாப் ரவுண்ட்ஸ் வருவாரு, கண்டா எழுந்து நின்னு சல்யூட் அடி" என்று சொல்லி வைப்பார். பையன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பான். நாய் வரும். அறையே அதிரும்படி சிரிப்பார்கள். தொழிற்சாலையில் வேலை செய்கிறோம் என்பதையே அந்தக் கிழங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றும். அவர்கள் இன்னும் ஏதோ ஒரு முகாமில்தான் இருந்தார்கள்.

அவர் ஓயாமல் சொல்லும் கதை ஒன்று. பட்டாளத்தில் அவருடைய முதல் குளிர்காலம். எங்கோ வடக்கே மலைமேல், சீனியர்கள் ஒரு பனிக்குவியலைக் காட்டி, "இது சர்க்கார் சொத்து, ஒரு பிடி குறைந்தாலும் உன் தோலை உரிப்போம்" என்று துப்பாக்கியோடு காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏற ஏறக் குவியல் கரைந்தது. கரைந்ததை அள்ளி அள்ளி மேலே வைத்தாராம். கடைசியில் சேறு மட்டும் மிச்சம். விசாரணை வைத்து, அவரை அழவிட்டு, பிறகு தோளில் தூக்கிக்கொண்டு போய் ரம் கொடுத்தார்களாம். கதையின் முடிவில், "அன்னைக்கித்தான்டா நான் ஜவான் ஆனேன்" என்பார். எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பு வரும்படி சொல்வார்.

அந்தப் பனிக்குவியலுக்கு ஓசூரில் அவர் கண்டுபிடித்த மாற்றுதான் மூன்றாம் கேட். புதிதாக வருகிறவரின் முதல் நாள் அங்கேதான். கையில் சாவியையும் வாக்கிடாக்கியையும் கொடுத்து, "முதலாளி வண்டி பெங்களூர்லேர்ந்து இந்த வழியாத்தான் வரும். வந்தாத்தான் தொறக்கணும். அதுவரைக்கும் நகரக் கூடாது" என்பார். பெண்ணை இப்படிச் செய்யலாமா என்று அறைக்குள் அன்று பெரிய வாக்குவாதமே நடந்ததாம். பின்னால்தான் கேள்விப்பட்டேன். "சட்டை ஒன்னுதானே? அப்ப சட்டமும் ஒன்னுதான்" என்று தீர்ப்புச் சொன்னவர் ஹவில்தார்.

நின்றேன். இரும்புத் தகடு அடித்த உயரமான கேட். மேலே தைல மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அப்பால் ஏதோ ஒரு இரைச்சல், சாலை என்று நினைத்துக்கொண்டேன். வாக்கிடாக்கி அவ்வப்போது கரகரத்தது. "மூணாம் கேட், வண்டி சந்தாபுரம் தாண்டிடுச்சு." நான் விறைப்பாகி, "ரெடி சார்" என்றேன். நெடுநேரம் கழித்து, "அத்திப்பள்ளியில டிராஃபிக், ரெடியா இரு." "ரெடி சார்." வெயில் உச்சிக்கு வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. அதைவிட, ஒதுங்க இடமில்லை. ஆண்பிள்ளைகள் வகுத்த சட்டத்தில் அந்த யோசனைக்கு இடமிருக்கவில்லை. பொறுக்க முடியாமல் பூட்டைத் திறந்து கேட்டை இழுத்தேன்.

எதிரே சுவர். பக்கத்துத் தொழிற்சாலை எழுப்பிய சுற்றுச்சுவர். கேட்டுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளிதான். ஒரு காலத்தில் அங்கே வழி இருந்திருக்கிறது. சுவர் வந்த பிறகும் கேட்டைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்து என் அவசரத்தை முடித்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்து கேட்டைப் பூட்டியபோதுதான் கோபம் வந்தது. அப்படியே போய்ச் சாவியை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. எறிந்துவிட்டு? அதற்குமேல் யோசனை ஓடவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் ஊத்தங்கரை பஸ்தான் வந்து நின்றது. வாக்கிடாக்கி கரகரத்தது. "மூணாம் கேட், வண்டி ஜூஜூவாடி தாண்டிடுச்சு!" நான் சுவரைப் பார்த்துவிட்டேன். என்றாலும், "ரெடி சார்" என்றேன்.

மாலையில் டீயும் பிஸ்கட்டுமாக எல்லோரும் வந்தார்கள். கேட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து, முதல் தடவை பார்ப்பவள் போல வாயில் கை வைத்தேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஹவில்தார் டீக்கோப்பையை என் கையில் கொடுத்து, "இனிமே நீயும் ஜவான்" என்றார். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தது போலிருந்தது, ஆனால் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து என் கணவன் மோப்பம் பிடித்து முதல் கேட்டுக்கே வந்துவிட்டான். நான் பைச் சோதனை மேசைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். ஹவில்தார் அவனுக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். "லேடீஸ் ஸ்டாஃப பாக்கணும்னா கர்னல் சாப் பர்மிஷன் வேணும்ப்பா. ரவுண்ட்ஸ்ல இருக்காரு, வந்துடுவாரு" என்றார். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தான். கர்னல் வந்தது, அவன் செருப்பை முகர்ந்தது. "கேட்டுக்கய்யா, இவர்தான்" என்றார் ஹவில்தார், முகத்தில் துளி சிரிப்பில்லாமல். சுற்றி நின்ற பட்டாளத்துக் கிழங்களும் சிரிக்கவில்லை. நாய்க்கு விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். அந்த வரிசையைப் பார்த்து அவனுக்கு என்ன புரிந்ததோ, எழுந்து போனவன் திரும்பவில்லை. அவர்களுடைய கிண்டல் எனக்குக் காவலாக நின்ற ஒரே நாள் அது. அதற்காகவே ஆயுளுக்கும் அவரை மன்னிப்பேன்.

பிறகு ஏஜென்சி மாறியது. புதிய ஏஜென்சியின் அதிகாரி மடிக்கணினியோடு வந்தார். அவருக்குக் கிண்டல் என்றால் என்னவென்றே தெரியாது. தொழிற்சாலையின் வரைபடத்தில் மூன்று கேட் இருக்கிறது, மூன்றாவதில் ஆளில்லை, அது தவறு என்றார். ஹவில்தாருக்குக் கண் மங்கிவிட்டது, லாரிகளைப் பார்க்க வேண்டாம், அவரை அங்கே போடுங்கள் என்றார். அங்கே சுவர் இருக்கிறது என்று நான் சொன்னேன். "கேட் இருக்கில்ல?" என்றார். ஹவில்தார் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் அங்கே நிற்கிறார் என்றதும் அறையில் எல்லோரும் அதை அவருடைய புதுக் கூத்து என்றே நினைத்துவிட்டார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? யாரோ வாக்கிடாக்கியில், "மூணாம் கேட், வண்டி சந்தாபுரம் தாண்டிடுச்சு" என்றார்கள். "ரெடி" என்று பதில் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலையில் வழக்கப்படி டீயும் பிஸ்கட்டும் எடுத்துப் போனார்கள். நானும் போனேன். அவர் கேட்டைத் திறந்து காட்டி, வாயில் கை வைத்து ஆச்சரியப்படுவது போல நடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் முதல் நாளில் நான் நடித்த அதே நடிப்பு.

மற்றவர்கள் போன பிறகும் நின்றேன்.

"உங்க வெளையாட்டுன்னு நெனச்சிட்டாங்க சார்."

"நெனைக்கட்டும். அப்படியே இருக்கட்டும்." டீயை ஆற்றிக் குடித்தார். "ஏம்மா, நீ அன்னைக்கி மத்தியானமே தொறந்து பாத்துட்ட இல்ல?"

நான் காலிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"தோள்ல சுண்ணாம்பு ஒட்டிக்கினு இருந்துச்சு. அந்தச் சந்துக்குள்ள போனாத்தான் அது ஒட்டும். பாத்துட்டும் ரெடி ரெடின்னு சொல்லிக்கினு நின்ன. அப்பவே தெரிஞ்சிடுச்சு, இந்தப் பொண்ணுக்குப் போக எடம் இல்லன்னு."

"நீங்க வீட்டுக்குப் போயிடலாமே சார்? மகன் இருக்காரே?"

"இருக்கான். லீவுல போனா ரெண்டாம் நாளே, எப்பப்பா கெளம்பறன்னு மருமக கேக்குது. கேக்கறதுலயும் தப்பில்ல, அந்த வீட்ல எனக்குன்னு ஒரு வேல இல்ல." சுவரைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பனிக்கத சொல்லுவேன் இல்ல? பனி கரையும்னு தெரியாத அளவுக்கா நான் முட்டாளு? முன்னாடி நாளுதான் ஓடிப்போலாம்னு மூட்டையக் கட்டி வெச்சிருந்தேன். ஓடனா எங்கப்பா ஊட்டுல சேக்க மாட்டாரு. அதான் அள்ளி அள்ளி வெச்சேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். சிரிச்சிட்டா அப்புறம் அதுதான் நம்ம ஊடு."

அன்று அந்தக் கதை எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகும் மூட்டியதில்லை. முழங்கால் மடங்க மறுக்கும் வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு மகன் வந்து காவேரிப்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். மூன்றாம் கேட் மறுபடி ஆளில்லாமல் கிடந்தது. எப்போதாவது எனக்கு ஃபோன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். "வண்டி எங்க வந்திருக்கு?" என்பார். "ஜூஜூவாடி தாண்டிடுச்சு சார்" என்பேன். "ரெடி" என்பார். பின்னால் மருமகள் டிவியைச் சத்தமாக வைக்கும் ஓசை கேட்கும்.

இன்று காலை புதிதாக ஒரு பெண் வந்தாள். ராயக்கோட்டைப் பக்கம். பேன்ட்டில் நடக்கத் தெரியாமல் கையை முன்னால் வைத்துக்கொண்டு நடந்தாள். அறையில் எல்லோரும் என் சாவிக்கொத்தையே பார்த்தார்கள். ஒருவர் ஏற்கெனவே வாக்கிடாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். என்னோடு இந்த வழக்கம் முடியட்டும் என்று எப்போதோ தீர்மானித்திருந்தேன். அதனால் எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொன்னேன். "மூணாம் கேட்டுன்னு ஒன்னு இருக்குதும்மா. தொறந்தா சுவரு. வண்டியும் வராது, ஆளும் வராது. அங்க உன்ன நிக்க வெச்சி இவங்க வெளையாடுவாங்க. நீ போக வேணாம்."

எல்லோருக்கும் முகம் தொங்கிப் போயிற்று. அந்தப் பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தாள்.

"யாருமே வர மாட்டாங்களாக்கா?"

"மாட்டாங்க."

"முன்னாடி கேட்ல நின்னா ரோட்ல போறவங்களுக்குத் தெரியும் இல்ல?" குரல் இறங்கிவிட்டது. "என்ன அங்கயே போட்டுடுங்கக்கா."

அவள் மணிக்கட்டில் கன்றிய தடம் இருந்தது. கொத்திலிருந்து அந்தப் பித்தளைச் சாவியை நானே கழற்றினேன். இறுகிப்போன வளையம், நகம் பெயர்ந்துவிட்டது. கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தேன்.

மத்தியானம் மனசு கேட்காமல் வாக்கிடாக்கியை எடுத்து, "மூணாம் கேட், எல்லாம் சரியா இருக்குதா?" என்றேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"ரெடிக்கா" என்றாள்.