ஆளைப் பார்க்காமல் கேட்ட ஏலம்

பழைய வேட்டைத் துப்பாக்கி எதைக் கையில் எடுத்தாலும், டெல்மர் ஹாக்ஸ்டாட் முன்பிடியை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு, பத்து சென்ட் காசு ஒன்றைக் குழலின் வாயில் வைப்பார். காசு நின்றுவிட்டால் வாய் இறுக்கம்; குண்டுகள் சிதறாமல் போகும். தூரத்தில் எழும்பும் ஃபெசன்ட் கோழிக்கு ஆகும். உள்ளே விழுந்துவிட்டால், முகம் மாறாமல் துப்பாக்கியைக் கவிழ்த்துக் காசை மீட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்தது திருகுகள். "திருகோட தலை தேஞ்சிருந்தா, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவன் வச்சிருந்த சாமான். தொடாதே" என்பார். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு முன்பிடியை இழுத்துத் தள்ளி, சத்தத்தைக் கேட்பார். இப்படி இழுத்துத் தள்ளிச் சுடும் பம்ப் துப்பாக்கி புதிதாக இருந்தால், அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "புதுசு மணல் அரைக்கிற மாதிரி இருக்கும். இருபது வருஷம் இன்னொருத்தன் இழுத்து இழுத்து வழவழன்னு ஆக்கி வச்சிருப்பான். அதைப் பாதி விலைக்கு வாங்கறதை விட்டுட்டு, முழு விலைக்கு மணலை வாங்கச் சொல்றியா?"

வயது அறுபத்திரண்டு. தெற்கு டகோட்டாவில் ஒரு தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறார். வீட்டில் பதினோரு துப்பாக்கிகள் இருக்கின்றன. "பன்னிரண்டாவது வந்தா, அது உன் பக்கத்துல படுத்துக்கட்டும். நான் கொட்டகைக்குப் போயிடறேன்" என்று மனைவி ஐரிஸ் சொல்லிவிட்டாள். ஆனால் பதினொன்றும் சுட்ட தோட்டாவின் காலி உறையை வலப்பக்கமாகத் துப்புகிறவை; டெல்மர் இடதுகைக்காரர். சுட்டு இழுத்தால், உறை மூக்குக்கு நேரே குறுக்கே பறக்கும். அடிப்பக்கமாக உறையைக் கொட்டும் பம்ப் துப்பாக்கி ஒன்றுக்காக ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஏலம் ஏலமாக அலைந்துகொண்டிருந்தார். கடையில் இல்லாமல் இல்லை. கடைக்காரன் சொல்லும் விலைக்கு வாங்குவது அவருக்குத் தோற்றுப்போவதுபோல.

ஏலத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஏலக்காரருக்கு எதிரே முதல் வரிசையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். போட்டிக்குக் கேட்பவர் யாரென்று திரும்பவே மாட்டார். "ஆளைப் பார்த்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா விலை கெட்டுடும்."

செப்டம்பரில், நாற்பது மைல் தள்ளி, இறந்துபோன ஹார்லன் ரைமரின் பண்ணையில் ஏலம். நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க, டிராக்டர் முதல் தலையணை வரை எல்லாமே ஏலத்துக்கு வந்திருந்தன. மேசையில் அந்தத் துப்பாக்கி கிடந்தது. உறை கொட்டும் துளை அடிப்பக்கம். காசு நின்றது. திருகுகள் கன்னி கழியாதவை. முன்பிடி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்வந்தது. டெல்மருக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஏலக்காரர் யாராக இருந்தாலும் 'கர்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கர்னல் நூறில் ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொண்டது. டெல்மர் கையைத் தூக்கினார், நூற்றுப் பத்து. பின்னால் நூற்று முப்பது. மறுபடி கை, நூற்று நாற்பது. அதோடு பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"டெல்மர், யோசிச்சுத்தான் கேக்கறியா?" என்றார் கர்னல்.

"யோசிக்காம நான் மூக்குகூடச் சிந்தறதில்ல."

நானூறு டாலர் சாமான் நூற்று நாற்பதுக்கு! மார்பை நிமிர்த்திக்கொண்டு, தேவாலயத்துப் பெண்கள் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு விற்கும் மேசைக்குப் போனார். அங்கே நின்ற அம்மாள், "பை தீர்ந்துபோச்சுங்க" என்றாள். அவள் முன்னால் முழுதாக இரண்டு பை இருந்தன.

பின்னால் நின்ற உள்ளூர்க்காரர்தான் பொறுக்காமல் சொன்னார். "யோவ், நீ யாரோட மோதினே, தெரியுமா? ஹார்லனோட பொண்ணு மார்லா. அப்பன் துப்பாக்கிய அவ கேக்கறான்னுதான் நாங்க அத்தனை பேரும் வாயப் பொத்திக்கிட்டு நின்னோம். உங்க ஊர்ல எப்படியோ!"

அவர் ஊரிலும் அப்படித்தான். வீட்டுப் பிள்ளை கேட்டால் வேறு யாரும் கேட்பதில்லை. கூட்டமே அந்தப் பெண்ணுக்காக இறக்கிவைத்த விலையைத்தான் தன் சாமர்த்தியம் என்று நினைத்துவிட்டார். வெட்கத்தில் அவருக்குக் காது மடல்கள் கொதித்தன.

மார்லா வண்டியில் ரஜாய்ப் போர்வைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"அதே விலைக்கு எடுத்துக்கம்மா. வேணாம், நூத்திப் பத்தே குடு."

"வேணாங்க. முறையாக் கேட்டீங்க, முறையா விழுந்துச்சு. பாவப்பட்டுக் குடுக்கறதை நான் வாங்கிக்க மாட்டேன்." அவள் திரும்பவில்லை. ஆனால் மடித்த ரஜாயையே அவிழ்த்து இன்னொரு முறை மடித்தாள்.

டெல்மர் நேரே கர்னலிடம் போனார்.

"நான் கேக்கவே இல்ல, கர்னல். ஈ ஓட்டினேன்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு ஈ."

கர்னல் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்து, ஈ விவகாரத்தால் அந்தத் துப்பாக்கி மறுபடி ஏலத்துக்கு வருகிறது என்று அறிவித்தார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் மார்லாவின் குரல் எழும்பியது. "நூறு."

"நூறு! நூத்திப் பத்து யாராச்சும்? நூத்திப் பத்து?" கர்னல் தேவைக்கு மேலேயே இழுத்தார். நாற்பது தலைகள் டெல்மர் பக்கம் திரும்பின.

டெல்மர் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, முதல் துளையிலிருந்து மெதுவாகக் கோக்கத் தொடங்கினார்.