பதினேழாம் நம்பர் கோட்டு

என் கல்யாண ஆல்பத்தில் நான் போட்டிருக்கும் கோட்டு என்னுடையது இல்லை... வாடகைக் கோட்டு. இருபத்திரண்டு வருஷமாக மாமனார் வீட்டில் சொல்லாததை இன்று ஃபேஸ்புக்கில் சொல்கிறேன்.

அந்தக் கோட்டின் சொந்தக்காரர் ராஜாமணி அண்ணன் நேற்றுக் காலையில் இறந்துவிட்டார். பழங்காநத்தத்தில் கோட்டு வாடகைக் கடை வைத்திருந்தவர்.

என் மனைவியின் ஊரான எழுமலையில் அவருக்கு வேறு பேர். கோட்டுத் திருடன். அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

அப்போதெல்லாம் கோட்டு என்றால் பெரிய ஆடம்பரம். சொந்தமாகக் கோட்டு வைத்திருந்தால் அவர் டாக்டர், இல்லையென்றால் மேஜிக் காட்டுகிறவர்.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் கோட்டு எடுத்துத் தர வேண்டும், அது முறை. நான் வீராப்பாக, "அதெல்லாம் வேணாம் மாமா, நம்மகிட்டயே கோட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டர். அதுவும் மதுரையில்.

ராஜாமணி அண்ணன் அட்வான்ஸ் கேட்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாங்கி ஆணியில் குத்தி வைத்துக்கொள்வார். "இதுல ஒன் மாமன், சித்தப்பன் அம்புட்டுப் பேரும் அட்ரஸோட இருக்காக. எங்க ஓடிருவ?"

எனக்கு வந்தது பதினேழாம் நம்பர். காலருக்கு உள்ளே சலவை மையில், கட்டை விரல் தண்டிக்கு எழுதியிருந்தது. பாக்கெட்டில் முந்தின மாப்பிள்ளையின் அட்சதை நாலு கிடந்தது.

சித்திரை வெக்கையில் முறைப்படி மச்சான்தான், என் மனைவியின் அண்ணன், எனக்கு அதை மாட்டிவிட்டார். "நல்ல கனமா இருக்கே மாப்ள, எங்க தச்சது?"

"மெட்ராஸ்ல, மச்சான்."

மறுநாள் தாலி கட்டியதும் கோட்டைக் கடைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதற்குள் மாமியார் அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மாப்ள இதப் போட்டுக்கிட்டு வரட்டும். ஊரு பாக்கணும்ல."

பீரோவைப் பார்த்துக்கொண்டே விருந்து இலையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆள் நிழல்... ராஜாமணி அண்ணன். கையில் என் கல்யாணப் பத்திரிகை.

சாயந்தரம் உசிலம்பட்டியில் இன்னொரு மாப்பிள்ளைக்குப் பதினேழாம் நம்பர் போயாக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, தலையைக் குனிந்ததில் இலையில் கிடந்த கறித்துண்டு மட்டும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கூடியிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தார். அதுவரைக்கும் என்னை 'டேய் தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

"வணக்கம்மா, மதுரையில இருந்து வாரேன். சாரோட கோட்டு டிரைகிளீனிங்குக்கு... ஒரு தடவ போட்டா ஒடனே எடுத்துரணும்னு சார் கண்டிசன்."

"ஏ ஆத்தி!" என்றார் மாமியார். "கோட்டு தொவைக்க மதுரையில இருந்து ஆளு வருதா!" பீரோ திறந்தது. அண்ணனுக்கும் ஓர் இலை போட்டார்கள். ரெண்டு தடவை கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

என் அந்தஸ்து அன்றைக்கு ஏறிய ஏற்றம் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

ஆனால் துவைக்கப் போன கோட்டு திரும்பி வர வேண்டுமே? ஆறு மாதம் சாக்கு சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "அந்தாளு ஏமாத்திட்டான் அத்தை" என்றேன். நாக்கு கூசவில்லை.

அன்றிலிருந்து எழுமலையில் எந்தக் கல்யாணத்தில் கோட்டைப் பார்த்தாலும் மாமியார் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்ளகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு... கறிச்சோத்தத் தின்னுப்புட்டு களவாண்டுட்டுப் போயிட்டான் அந்தத் திருடன்."

மாமியார் மதுரை வந்தால் பழங்காநத்தத்தைத் தாண்டும் வரை அவரை ரோட்டின் அந்தப் பக்கம் பார்க்க வைப்பது என் வேலை.

அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்தம்மா இன்னும் வையுதா?" என்றார்.

"வையுதுண்ணே."

"வையட்டும். நல்ல கொழம்புடா."

போன மாதம் வண்டியூர் பக்கம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மாப்பிள்ளை கரையில்லாத கைத்தறி வேட்டி, காலில் செருப்புகூட இல்லை. அதற்குத் தனியாக டிசைனர் வைத்தார்களாம். பழைய சோற்றுக்கு ஒரு கவுண்ட்டர்... கூட்டமெல்லாம் அங்கேதான்.

பரிமாறியவர்கள் எல்லாரும் கோட்டு போட்டிருந்தார்கள்.

பக்கத்து இலையில் ராஜாமணி அண்ணன். "அம்புட்டும் நம்ம கடைக் கோட்டுதான். கேட்டரிங்காரன் மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிட்டான்" என்றார். "முன்னாடி கோட்டு போட்டவனுக்கு ரசம் ஊத்துனாய்ங்க. இப்ப கோட்டு போட்டவன் ரசம் ஊத்துறான்." சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டார்.

நான் ரசம் ஊற்றியவரின் காலருக்குள் எட்டிப் பார்த்தேன். "என்ன சார் வேணும்?" என்றார். "ரசம்தான்" என்று சொல்லி, வேண்டாத ரசத்தை இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்தேன்.

இன்று காலை அண்ணன் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். தெருமுனை கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் அண்ணன் நீலக் கோட்டில் இருக்கிறார். கம்ப்யூட்டர் மாட்டிவிட்டது. "நீங்க ஏண்ணே போடுறதே இல்ல?" என்று ஒரு தடவை கேட்டதற்கு, "இந்த வெக்கையில எவன்டா போடுவான்" என்றவர்.

ராஜாமணி அண்ணன் திருடன் இல்லை. பொய் சொன்னவன் நான். எழுமலைச் சொந்தங்கள் யாராவது இதைப் படித்தால் அத்தையிடம் சொல்லிவிடவும்.

போயிட்டு வாங்கண்ணே...

போஸ்ட் பண்ணுவதற்கு முன்னால் மனைவியிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அம்மா பீரோவப் பூட்டுனதே நீங்க என்ன முழி முழிக்கிறீகன்னு பாக்கத்தான்" என்றாள்.

"எங்க அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டது ஒன்பதாம் நம்பரு."