முழங்கால் அலைக்கு எந்த போர்டு?

என் அக்காவின் வீட்டுக்காரர் கடற்கரையில், அலைமேல் ஏறி நின்று சறுக்கும் சர்ஃபிங் போர்டுகளை வாடகைக்கு விடுகிறார். எங்கள் கடலில் அலை முழங்காலைத் தாண்டினாலே அதிசயம். இதற்குப் போய் ஒரு கடையா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அத்தான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வருகிற இளவட்டங்கள் எல்லாருக்கும் குட்டையான, மெல்லிய, கூர்மூக்கு வைத்த போர்டுதான் வேண்டும். போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். அத்தான் அவர்களைக் கண்டுகொள்ளாமல் முதலில் வாசலுக்கு வந்து கடலைப் பார்ப்பார். பிறகு உள்ளே போய், கதவு மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார்.

"அலை சின்னதுப்பா. உன்னைத் தள்ள அதுக்குத் தெம்பு கிடையாது. போர்டு நீளமா, அகலமா, தடிமனா இருந்தாத்தான் மிதந்து போகும். இல்லன்னா அலை போயிடும், நீ அங்கயே கிடப்ப."

முறைத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள்.

அக்கா அந்தக் கடலில் அத்தானைவிடக் கெட்டிக்காரி. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை. டாக்டர் சரியென்று சொன்ன பிறகும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஒருவழியாக ஒரு காலையில் கிளம்பினாள். கிளம்பும்போதே என்னிடம் சொன்னாள்: "இன்னிக்கு எழுந்து நிக்க முடியலன்னா இந்த ஆசையை இத்தோட விட்டுடுவேன்டி. சும்மா ஏங்கிட்டே இருக்க என்னால ஆகாது."

அத்தான் எடுத்து வந்தது அவளுடைய பழைய போர்டை. குட்டை, மெல்லிசு, கூர்மூக்கு. பெரிய அலை தேடி வெளியூர் போகும்போது அவள் எடுத்துப்போவது. இத்தனை நாளும் அதைத் துடைத்து, கால் வழுக்காமல் இருக்க மெழுகு தேய்த்துப் பத்திரமாக வைத்திருந்தார் மனுஷன்.

அலை வந்தது, அவளுக்கு அடியில் நுழைந்து போயே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் எழுந்திருக்கப் பார்த்துக் கவிழ்ந்தாள். கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து, "போதும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கடைக்குள் போனேன்.

"ஊருக்கெல்லாம் அளவு பாத்துக் குடுக்கறீங்க. கட்டினவளுக்குப் பாக்கத் தெரியாதா அத்தான்?"

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்மா. புதுசா கத்துக்க வர்றவங்க போர்டை அவ கையில குடுத்தா, நீ பழைய ஆள் இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? மனசு வரல."

திரும்பிப் பார்த்தால் வாசலில் அக்கா. எப்போது வந்தாளோ.

"எல்லாருக்கும் கடலைப் பாத்துக் குடுக்கறீங்க. எனக்கு மட்டும் என் மூஞ்சியப் பாத்தா குடுப்பீங்க?"

மூலையில், ஓரம் ஒட்டுப்போட்ட மஞ்சள் போர்டு ஒன்று சாய்ந்திருந்தது. கடையிலேயே பெரியது. அதைக் காட்டினாள். "தூக்கிட்டு வாங்க. எனக்கு வாய்க்கு இருக்கற தெம்பு கைக்கு இல்ல."

வந்த அலை முழங்கால் உயரம்கூட இல்லை. மஞ்சள் போர்டு ஆடி அசைந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. அக்கா முதலில் முட்டி போட்டாள். பிறகு கையை ஊன்றி, அவசரமே இல்லாமல் எழுந்து நின்றாள். கணுக்கால் தண்ணீர் வரைக்கும் நின்றபடியே வந்தாள். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. அத்தான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அக்கா இறங்கி அவரிடம் வந்தாள்.

"அழுதது போதும். போர்டைத் திருப்பிப் பிடிங்க, அடுத்த அலை வருது."