இலையில் விழுந்த கொடுவாத் தலை

கல்மண்டபத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. தெற்கே இருந்து வந்த குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் உறவு உப்பு மூட்டையோடு சரி. வீட்டில் எனக்கு மட்டும் தூண்டில் பைத்தியம் பிடித்தது. கடைக்கு வாடிக்கையாக வந்த துரை ஒருவர், சீமைக்குக் கப்பலேறும்போது தன் தூண்டில் கோலையும் நூல் சுற்றும் சக்கரத்தையும் என்னிடம் கொடுத்தார். கூடவே தன் கிறுக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மீனை மெல்லிய நூலில்தான் பிடிக்க வேண்டும். அது களைக்கும்வரை விட்டுவிட்டு இழுக்க வேண்டும். வேறொருவர் கை பட்டால் அது நீ பிடித்த மீன் ஆகாது. இதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரயிலேறி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்விடுவேன். அங்கே எறால் பிடிப்பதற்கு முறை உண்டு; பாடு என்பார்கள். யாருடைய பாடோ அவர் வலைதான் அன்றைக்கு. நீர் கடலுக்கு வடியத் தொடங்கும்போதே குறுக்கே கழி நட்டு வலை கட்டிவிட வேண்டும். தவறினால் தவறியதுதான், முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று எனக்கு ஒரு பெரிய கொடுவா மீன் மாட்டியது. நூல் அலறிக்கொண்டு ஓடியது. அதே நேரம் கழிகளைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு மீனவர் வந்தார். எனக்குப் பழக்கமானவர்தான், இரண்டு மூன்று முறை எனக்குத் தூண்டில் இரை கொடுத்திருக்கிறார். பின்னால் அவருடைய மகள் கூடையோடு வந்தாள்.

"இன்னிக்கி நம்ம பாடு அண்ணாச்சி. மதியம் பொண்ணுக்குப் பரிசம் போட வர்றாங்கோ. சம்பந்திக்கு எறாலு போட்டாத்தான் மருவாதி" என்றார். பிறகு என் கோல் வளைந்திருப்பதைப் பார்த்துக் கழிகளைக் கீழே வைத்தார். மாட்டிய மீனுக்குக் குறுக்கே கழி நடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. "நீ இஸ்துக்கோ. அப்பால நா வலை கட்றேன்."

பாவம், அவர் தன் கணக்கில் பேசினார். அவர்களுடைய தடித்த கயிற்றில் மாட்டிய மீன் ஒரு பீடி அணைவதற்குள் கரையில் கிடக்கும். என் நூலோ தையல் நூலுக்கு அண்ணன். மீன் இழுத்தால் விட வேண்டும், நின்றால் சுற்ற வேண்டும். அவர் ஒரு பீடி பிடித்தார், இன்னொன்றும் பிடித்தார். தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நூலைக் கையில குடு. நா எறங்கி வாரிக்கினு வந்துடறேன்" என்று தண்ணீரில் கால் வைத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

நான் சொன்னது துரையின் விதியை. அவர் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? காலை எடுத்துக்கொண்டு கரையேறிவிட்டார். அப்போதாவது நூலை அறுத்து விட்டிருக்கலாம், இடுப்பில் கத்தி இருந்தது. அறுக்க மனம் வரவில்லை. இவ்வளவு மெல்லிய நூலில் இவ்வளவு பெரிய மீன் என்று கடைத்தெருவெல்லாம் சொல்ல வேண்டுமே. "இதோ ஆச்சுண்ணே, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே மீனோடு விளையாடினேன்.

கொடுவா கரைக்கு வந்தபோது தண்ணீர் பாதிக்குமேல் வடிந்திருந்தது. அதன் பிறகு வலை கட்டினார். ஒரு கைப்பிடி எறால் விழுந்தது. மகள் அதைக் கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வெட்கம் அப்போதுதான் உறைத்தது. மீனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். "அப்டின்னா நீயும் வந்து துன்னுட்டுத்தான் போவணும்" என்று கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் தொடாதே என்று சொன்ன அதே கை.

ஒரே மீனைப் பந்தி முழுவதற்கும் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தார்கள். விருந்தாளிக்கு மரியாதை என்று தலையை என் இலையில் போட்டார். "அண்ணாச்சி புடிச்ச மீனு. இம்மாத்தூண்டு நூலுல புடிச்சாரு பாரேன்!" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

சம்பந்தி இலையைப் பார்த்தார். "இன்னிக்கி உன் பாடாச்சே, எறாலு எங்கய்யா?"

மீனவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கண்ணசந்துட்டேன் மாமா. தண்ணி வடிஞ்சது தெரில."

"பொண்ணு பரிசத்தன்னிக்கே தூங்கிக் கோட்டை வுட்டவனா? நல்ல எடத்துலதான் சம்பந்தம் பண்றோம்!"

பந்தி சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். கதவருகே புதுப்புடவையில் நின்ற மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

கொடுவாத் தலையில் கன்னத்துக் கறிதான் ருசி. நான் குனிந்து அதைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.